கொரோனா திரிபுகளும் மருத்துவமனை நோயாளிகளும்

2021-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் இந்திய மருத்துவமனைகள் அதற்கு முன் கண்டிராத நெருக்கடியைச் சந்தித்தன. மே மாதத் தொடக்கத்தில் ஒரே நாளில் 4.14 லட்சம் பேருக்குக் கொரோனா தொற்று உறுதி செய்யப்பட்டது. முதல் அலையில் நாளொன்றுக்கு 3,095 மெட்ரிக் டன்னாக இருந்த மருத்துவப் பிராணவாயுவின் உச்சத் தேவை, இரண்டாம் அலையில் 9,000 டன்னை நெருங்கியது. நோயாளிகள் படுக்கை தேடி ஒரு மருத்துவமனையிலிருந்து மற்றொன்றுக்கு அலைய நேர்ந்தது.

அந்நாளில் நாடெங்கும் பரவிய டெல்டா என்னும் திரிபே இதற்குக் காரணம் எனக் கூறப்பட்டது. அவ்விளக்கம் பொய்யன்று, ஆயினும் முழுமையானதும் அன்று. மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஒருவர் பிழைப்பதும் இறப்பதும் அவரைத் தாக்கிய வைரஸின் தன்மையால் மட்டும் முடிவாவதில்லை. அவருடைய வயது, ஏற்கெனவே உள்ள நோய்கள், தடுப்பூசியாலோ முன்னைய தொற்றாலோ பெற்ற எதிர்ப்பாற்றல், நோய் கண்ட எத்தனையாவது நாளில் மருத்துவமனையை அடைந்தார் என்பது, அன்று அங்கே படுக்கையும் பிராணவாயுவும் செவிலியரும் போதுமான அளவில் இருந்தனவா என்பது ஆகிய அனைத்தும் அம்முடிவில் பங்கு கொள்கின்றன.

இவற்றைப் பிரித்தறிவது கல்விக்கு மட்டும் உரிய பயிற்சியன்று. புதிய திரிபு ஒன்று தோன்றும்போதெல்லாம் "இது கொடியது" என்றோ "இது மிதமானது" என்றோ ஒற்றைச் சொல்லில் செய்தி பரவுகிறது. அச்சொல்லை மட்டும் நம்பித் திட்டமிடும் நிர்வாகம் இரு வகையிலும் தவறக்கூடும். தேவையற்ற அச்சத்தில் பொருளும் உழைப்பும் வீணாகலாம். தவறான நிம்மதியில் உயிர்கள் வீணாகலாம்.

திரிபு தோன்றும் விதம்

கொரோனா வைரஸின் மரபுப் பொருள் ஏறத்தாழ 30,000 எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ. இழையாகும். வைரஸ் மனித உயிரணுவுக்குள் பெருகும்போது இவ்விழை மீண்டும் மீண்டும் படியெடுக்கப்படுகிறது. படியெடுக்கையில் பிழைகள் நேர்வது இயல்பு. இவ்வைரஸ் தன் பிழைகளில் சிலவற்றைத் தானே திருத்திக்கொள்ளும் நொதியைக் கொண்டிருப்பதால், வேறு பல ஆர்.என்.ஏ. வைரஸ்களை விட மெதுவாகவே மாறுகிறது. தொற்றின் தொடக்க காலத்தில் இம்மாற்றம் மாதத்திற்குச் சுமார் இரண்டு எழுத்துகள் என மதிப்பிடப்பட்டது.

இப்பிழைகளில் பெரும்பாலானவை எவ்வித விளைவையும் ஏற்படுத்துவதில்லை. ஒரு சில மட்டும் வைரஸுக்கு ஆதாயம் தருகின்றன. உயிரணுவை இறுகப் பற்றுதல், விரைவாகப் பெருகுதல், முன்பே உருவான எதிர்ப்பாற்றலிடமிருந்து தப்புதல் ஆகியவை அத்தகைய ஆதாயங்கள். இவற்றைப் பெற்ற வழித்தோன்றல் மற்றவற்றை விலக்கிவிட்டுத் தான் பரவுகிறது. அதுவே திரிபு எனப்படுகிறது.

காலப்போக்கில் வைரஸ் தானாகவே சாதுவாகிவிடும் என்பது பலரிடமும் உள்ள கருத்து. இதற்கு உறுதியான அடிப்படை இல்லை. கொரோனா தொற்று பெரும்பாலும் நோய் தொடங்குவதற்குச் சற்று முன்னும் தொடங்கிய சில நாட்களுக்குள்ளும் பிறருக்குப் பரவிவிடுகிறது. நோயாளி மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு வருவதோ இறப்பதோ அதற்குப் பின்னரே நிகழ்கிறது. ஆகவே நோயாளி பிழைத்தாலும் இறந்தாலும் வைரஸின் பரவலுக்குப் பெரிய வேறுபாடில்லை. பரவும் திறன் வளரும். கொடுமை கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம்.

மூச்சுக்குழலும் நுரையீரலும்

2020-ஆம் ஆண்டு செப்டம்பரில் இங்கிலாந்தில் தோன்றிய ஆல்பா, அதே ஆண்டு அக்டோபர் மாத மாதிரிகளிலிருந்து இந்தியாவில் கண்டறியப்பட்ட டெல்டா, 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் போட்ஸ்வானாவிலிருந்தும் அறிவிக்கப்பட்ட ஓமிக்ரான் ஆகிய மூன்றும் மருத்துவமனைகளின் அனுபவத்தை ஆராய மிகவும் உதவுவன. நாடுகளின் பெயரால் திரிபுகளை அழைப்பது அந்நாட்டு மக்களுக்கு இழுக்காகும் என்பதால், உலக சுகாதார நிறுவனம் 2021 மே 31 அன்று கிரேக்க எழுத்துகளைப் பெயர்களாக அறிவித்தது.

டெல்டாவின் முட்புரதத்தில் ஏற்பட்ட மாற்றங்களுள் ஒன்று, அப்புரதம் வெட்டப்பட்டு உயிரணுவுடன் இணைவதை எளிதாக்கியது. இதனால் அண்டை உயிரணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சிதைவதும் மிகுந்தது. ஓமிக்ரானின் முட்புரதத்திலோ 30-க்கும் மேற்பட்ட மாற்றங்கள் காணப்பட்டன. ஹாங்காங் பல்கலைக்கழகத்தார் 2021 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வுக்கூட முடிவின்படி, தொற்றிய 24 மணி நேரத்தில் ஓமிக்ரான் மூச்சுக்குழல் திசுவில் டெல்டாவையும் மூல வைரஸையும் விடச் சுமார் 70 மடங்கு பெருகியது. நுரையீரல் திசுவில் மூல வைரஸை விடப் பத்து மடங்குக்கும் மேல் குறைவாகவே பெருகியது. தொண்டை வலியுடன் வந்த நோயாளிகள் மிகுந்ததையும், நுரையீரல் அழற்சியுடன் வந்தோர் குறைந்ததையும் இது ஓரளவு விளக்குகிறது. ஓரளவு என்பதைக் கவனிக்க வேண்டும். ஆய்வுக்கூடத் திசுவுக்கு வயதில்லை; நீரிழிவில்லை; தடுப்பூசியின் நினைவும் இல்லை.

மூன்று படிகள்

ஒரு திரிபின் கொடுமையை அளக்க விரும்புவோர் முதலில் எந்தப் படியை அளக்கிறோம் என்று தெளிய வேண்டும். தொற்றியவர்களில் எத்தனை பேர் மருத்துவமனையை அடைகின்றனர் என்பது முதற்படி. மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் எத்தனை பேருக்குப் பிராணவாயுவோ செயற்கைச் சுவாசக் கருவியோ தேவைப்படுகிறது என்பது இரண்டாம் படி. அவர்களில் எத்தனை பேர் இறக்கின்றனர் என்பது மூன்றாம் படி. ஒரு திரிபு முதற்படியில் கொடியதாகவும் இரண்டாம், மூன்றாம் படிகளில் மற்றவற்றைப் போன்றதாகவும் இருக்கக்கூடும்.

ஆல்பா திரிபைப் பற்றிய இரு ஆய்வுகள் இதற்கு நல்ல சான்று. இங்கிலாந்தில் தொற்று உறுதியான மக்களிடையே நடத்தப்பட்ட ஓர் ஆய்வில், வயது, பால், இருப்பிடம் முதலியவற்றில் ஒத்த 54,906 இணைகள் ஒப்பிடப்பட்டன. முன்னைய வகைகள் தாக்கியோரில் 141 பேரும், ஆல்பா தாக்கியோரில் 227 பேரும் இறந்தனர். அதாவது ஆயிரத்துக்குச் சுமார் 2.5 என்ற அளவில் இருந்த இறப்பு 4.1 ஆக உயர்ந்தது. அதே காலத்தில் லண்டனின் இரு மருத்துவமனைகளில் மரபணுத் தொடர் கண்டறியப்பட்ட 341 நோயாளிகளை மற்றொரு குழுவினர் ஆராய்ந்தனர். கடுமையான நோயையோ இறப்பையோ அடைந்தோர், ஆல்பா தாக்கியவர்களில் 36 சதவீதம். பிறரில் 38 சதவீதம். இரு பிரிவினருக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை.

முதற்பார்வையில் இவ்விரு முடிவுகளும் முரண்பட்டவை போலத் தோன்றும். உண்மையில் ஒன்று வீட்டு வாயிலிலிருந்து எண்ணத் தொடங்குகிறது. மற்றொன்று மருத்துவமனை வாயிலிலிருந்து எண்ணுகிறது. ஆல்பா கூடுதலான மக்களைக் கடும் நோய்க்கு உள்ளாக்கியிருக்கலாம். ஆனால் படுக்கையை அடையும் அளவுக்கு நோயுற்றபின் இரு பிரிவினரின் போக்கும் ஒத்திருந்திருக்கலாம். இரண்டாவது ஆய்வு அளவில் சிறியது என்பதும், சிறு வேறுபாட்டை அது கண்டுகொள்ளாமல் விட்டிருக்கக்கூடும் என்பதும் சேர்த்து எண்ணத்தக்கன. எவ்வாறாயினும் ஒரு மருத்துவமனையின் பதிவேட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு திரிபின் முழுத் தன்மையையும் கூறிவிட இயலாது.

அவ்வாறே டெல்டா, ஓமிக்ரான் பற்றிய இங்கிலாந்து ஆய்வுகளும் முதற்படியில் தெளிவான வேறுபாட்டைக் காட்டின. 2021 மார்ச் முதல் மே வரை தொற்றிய 43,338 பேரை ஆராய்ந்ததில், ஆல்பாவை விட டெல்டா தாக்கியோர் மருத்துவமனையில் சேர நேரும் வாய்ப்பு இரு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் அப்போது தடுப்பூசி பெறாதவர்கள். பின்னர் ஏறத்தாழ 15 லட்சம் பேரை ஆராய்ந்ததில், டெல்டாவை விட ஓமிக்ரானால் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு 59 சதவீதமும், இறக்கும் வாய்ப்பு 69 சதவீதமும் குறைந்திருந்தன. ஆனால் 10 வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே மருத்துவமனைச் சேர்க்கையில் அத்தகைய குறைவு காணப்படவில்லை. "மிதமானது" என்ற சொல் எல்லா வயதினருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை என்பதை இது உணர்த்துகிறது.

இந்திய மருத்துவமனைகளின் அனுபவம்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கொரோனா நோயாளிகளுக்கென ஒரு தேசியப் பதிவேட்டை 2020-இல் தொடங்கியது. பல மாநிலங்களின் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட ஏறத்தாழ 19,000 பேரின் விவரங்களைக் கொண்டு முதலிரு அலைகளும் ஒப்பிடப்பட்டன. நோயாளிகளின் சராசரி வயது 50.8-லிருந்து 48.7 ஆகக் குறைந்திருந்தது. 20 முதல் 39 வயது வரை உள்ளோரின் பங்கு கூடியிருந்தது. மூச்சுத் திணறலுடன் வந்தோரும், பிராணவாயு தேவைப்பட்டோரும், செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டோரும் இரண்டாம் அலையில் மிகுதி. 20 வயதுக்குட்பட்டோரைத் தவிர ஏனைய எல்லா வயதினரிடையேயும் இறப்பு கூடியிருந்தது.

இவ்வேறுபாடு முழுவதையும் டெல்டாவின் கணக்கில் எழுதலாமா? அதற்கு முன் சிலவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். தடுப்பூசித் திட்டம் 2021 ஜனவரி 16 அன்று சுகாதாரப் பணியாளர்களிடம் தொடங்கி, மார்ச் முதல் தேதியில்தான் 60 வயது கடந்தோரை எட்டியது. 18 வயது கடந்தோர் அனைவருக்கும் மே முதல் தேதியில் திறக்கப்பட்டது. அலை எழுந்தபோது மக்களில் மிகப் பெரும்பாலோர் தடுப்பூசி பெற்றிருக்கவில்லை. மருத்துவமனைகளில் இடமில்லாமையால் மிதமான நோயாளிகள் வீட்டிலேயே தங்கினர். கடுமையானவர்களும் காலம் தாழ்ந்தே வந்தனர்.

இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒரு மாவட்ட மருத்துவமனையில் 500 பேர் சேர்க்கப்பட்டு 25 பேர் இறந்தால் இறப்பு விகிதம் 5 சதவீதம். அலையின் உச்சத்தில் மிதமான 300 பேருக்கு இடம் மறுக்கப்பட்டு, கடுமையான 200 பேர் மட்டும் சேர்க்கப்படுகின்றனர் எனக் கொள்வோம். இறப்போர் அதே 25 பேர்தான். ஆனால் விகிதம் 12.5 சதவீதமாகிவிடுகிறது. வைரஸும் மாறவில்லை, சிகிச்சையும் மாறவில்லை, வாயிலில் நடந்த தேர்வு மட்டுமே மாறியது. இதனைக் கருதாமல் இரு மாதங்களின் விகிதங்களை ஒப்பிடுவோர் வைரஸின் மீது பிழையான குற்றத்தைச் சுமத்துவர். நிர்வாகத்தின் குறையையும் காணத் தவறுவர்.

கறுப்புப் பூஞ்சை நோயும் இதனையே கற்பித்தது. 2021 ஜூன் இறுதிக்குள் இந்தியாவில் 40,000-க்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர். கட்டுப்படாத நீரிழிவும், அளவுக்கு மிஞ்சியோ தேவையின்றியோ அளிக்கப்பட்ட ஸ்டீராய்டு மருந்துகளும் இதன் முக்கியக் காரணங்களாகக் கண்டறியப்பட்டன. கண்ணையோ தாடையையோ இழந்த நோயாளியின் துன்பத்தைத் திரிபின் விளைவு என்று மட்டும் பதிவு செய்தால், தடுத்திருக்கக்கூடிய காரணங்கள் மறைந்துவிடும்.

மிதமான திரிபு, மிகுந்த சுமை

ஓமிக்ரான் இந்தியாவில் முதன்முதலாக 2021 டிசம்பர் 2 அன்று கர்நாடகத்தில் இருவரிடம் கண்டறியப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. ஏழு வாரங்களுக்குள் நாளொன்றுக்குச் சுமார் 3.47 லட்சம் தொற்றுகள் பதிவாயின. இரண்டாம் அலையின் உச்சத்தில் ஒரு நாளில் 4,000-க்கும் மேற்பட்ட இறப்புகள் பதிவான நிலை இம்முறை திரும்பவில்லை. இறப்புகள் அதில் பாதிக்கும் குறைவாகவே இருந்தன.

இதற்குத் திரிபின் தன்மை ஒரு காரணம். மக்களின் எதிர்ப்பாற்றல் மற்றொரு காரணம். 2020 டிசம்பர், 2021 ஜனவரி மாதங்களில் நடந்த தேசிய இரத்த ஆய்வில் கால் பங்குக்கும் குறைவானோரிடமே எதிர்ப்பொருள் காணப்பட்டது. 2021 ஜூன், ஜூலை மாதங்களில் அது 67.6 சதவீதமாக உயர்ந்திருந்தது. அக்டோபர் 21 அன்று தடுப்பூசித் தவணைகளின் எண்ணிக்கை 100 கோடியை எட்டியது. டெல்டா கண்ட மக்களும் ஓமிக்ரான் கண்ட மக்களும் எதிர்ப்பாற்றலில் ஒரே மக்கள் அல்லர்.

அதே ஓமிக்ரான் ஹாங்காங்கில் வேறு விதமாக நடந்துகொண்டது. அங்கு அதற்கு முன் தொற்று பெரிதாகப் பரவியிருக்கவில்லை. முதியோரில் பலர் தடுப்பூசியும் பெற்றிருக்கவில்லை. 2022 ஜனவரி முதல் மார்ச் வரையிலான அலையில் இறந்தோரில் 96 சதவீதத்தினர் 60 வயது கடந்தோர். அவர்களில் சுமார் 70 சதவீதத்தினர் ஒரு தவணைத் தடுப்பூசியும் பெறாதவர்கள். ஓரிடத்தில் மிதமாகத் தோன்றிய திரிபு, பாதுகாப்பற்ற முதியோரிடம் மிதமாக இருக்கவில்லை.

பரவும் வேகமும் கணக்கில் கொள்ள வேண்டியது. ஒரு திரிபு ஒரு லட்சம் பேரைத் தாக்கி அவர்களில் 4 சதவீதத்தினரை மருத்துவமனைக்கு அனுப்புகிறது எனக் கொள்வோம். தேவைப்படும் படுக்கைகள் 4,000. மற்றொரு திரிபு அதே காலத்தில் 5 லட்சம் பேரைத் தாக்கி 1.5 சதவீதத்தினரை மட்டுமே அனுப்பினாலும் படுக்கைகள் 7,500 தேவைப்படும். தனி மனிதருக்கு ஆபத்து குறைவு. மாவட்டத்துக்குச் சுமை அதிகம். இவ்விரண்டும் ஒரே வேளையில் உண்மையாக இருக்க முடியும். அன்றியும் மருத்துவரும் செவிலியரும் ஒரே வாரத்தில் பெருந்தொகையாகத் தொற்றுக்கு ஆளாகி விடுப்பில் செல்வதும் அச்சுமையின் ஒரு பகுதியே.

திரிபைச் சார்ந்த சிகிச்சை, சாராத சிகிச்சை

சிகிச்சை முறைகளை இரு வகையாகப் பிரித்துக் காண்பது பயன் தரும். வைரஸின் முட்புரதத்தைக் குறிவைக்கும் எதிர்ப்பொருள் மருந்துகள் முதல் வகை. முட்புரதம் மாறினால் இவை பயனற்றுப் போகக்கூடும். டெல்டா காலத்தில் பெரிதும் நம்பப்பட்ட இத்தகைய மருந்துகளுள் சில ஓமிக்ரானிடம் செயலிழந்தன. 2022 ஜனவரியில் அமெரிக்க அரசு அவற்றின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது.

நோயாளியின் உடல் நிலையை நோக்கி அளிக்கப்படும் சிகிச்சை இரண்டாம் வகை. பிராணவாயு, குப்புறப் படுக்க வைத்தல், இரத்தம் உறைவதைத் தடுத்தல், சர்க்கரை அளவைக் கட்டுப்படுத்தல் ஆகியவை இதில் அடங்கும். டெக்ஸாமெத்தசோன் என்னும் மலிவான மருந்து, செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரின் இறப்பை மூன்றில் ஒரு பங்கும், பிராணவாயு பெற்றோரின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்ததாக 2020 ஜூனில் பிரிட்டிஷ் ஆய்வொன்று கண்டது. பிராணவாயு தேவைப்படாதோருக்கு அதனால் நன்மையில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவே. திரிபின் பெயர் தெரிய வருவதற்கு முன்பே இச்சிகிச்சைகளைத் தொடங்கலாம்; தொடங்கவும் வேண்டும். தனியொரு நோயாளியின் படுக்கையருகே திரிபின் பெயரை விட அவருடைய இரத்தத்தில் உள்ள பிராணவாயுவின் அளவே முதலில் அறியத்தக்கது.

பதிவேட்டின் பணி

திரிபின் பெயர் பெரிதும் பயன்படுவது பொதுச் சுகாதாரத் திட்டமிடலுக்கே. 2020 டிசம்பரில் மத்திய அரசு பத்து ஆய்வுக்கூடங்களை இணைத்து இன்சாகாக் என்னும் மரபணு ஆய்வுக் கூட்டமைப்பை நிறுவியது. புனேயின் தேசிய வைராலஜி நிறுவனம், தில்லியின் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம், ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் முதலியன அதில் இடம் பெற்றன. மாநிலங்கள் தேர்ந்தெடுத்த ஆய்வுக்கூடங்களும் பெரிய மருத்துவமனைகளும் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை தலா 15 மாதிரிகளை அனுப்பும் முறை பின்னர் வகுக்கப்பட்டது.

எனினும் மரபணு விவரம் ஓரிடத்திலும், நோயாளியின் வயது, தடுப்பூசி, இணைநோய், முடிவு ஆகிய விவரங்கள் மற்றோரிடத்திலும் தனித்தனியே கிடந்தால் இரண்டும் பாதிப் பயனையே தரும். மருத்துவமனை நிலையில் சில எளிய குறிப்புகள் இன்றியமையாதவை. நோய் தொடங்கிய நாளும் சேர்க்கப்பட்ட நாளும் தனித்தனியே எழுதப்பட வேண்டும். நோயாளி கொரோனாவால் சேர்க்கப்பட்டாரா, அல்லது எலும்பு முறிவுக்கோ பிரசவத்துக்கோ வந்தவிடத்தில் தொற்று கண்டறியப்பட்டதா என்பது குறிக்கப்பட வேண்டும். ஓமிக்ரான் காலத்தில் இரண்டாம் வகையினர் பலர். தடுப்பூசித் தவணையும் அதன் தேதியும், சேர்க்கையின்போது பிராணவாயு அளவும், அன்று நிரம்பியிருந்த படுக்கைகளின் விகிதமும் பதிவானால், அடுத்த திரிபு வரும்போது ஒப்பீட்டுக்கு உறுதியான அடிப்படை கிடைக்கும்.

2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனா தொடர்பான சர்வதேச அவசர நிலையை முடிவுக்குக் கொண்டுவந்தது. அதன் பின்னரும் ஜே.என்.1 முதலான ஓமிக்ரானின் வழித்தோன்றல்கள் தோன்றிப் பரவின. 2025 மே, ஜூன் மாதங்களில் இந்தியாவிலும் தொற்று சற்றே உயர்ந்து தணிந்தது. ஒவ்வொரு முறையும் மக்கள் கேட்ட கேள்வி, "இது கொடியதா?" என்பதே. அக்கேள்விக்குப் பொறுப்புடன் விடையளிக்க விரும்பும் அலுவலர் எதிர்க்கேள்விகள் சிலவற்றை எழுப்ப வேண்டும்: யாருக்கு? எந்தப் படியில்? எத்தனை பேரில்? எந்த மருத்துவமனையில்? வைரஸின் மாற்றத்தை எவராலும் ஆணையிட்டு நிறுத்த இயலாது. முதியோருக்குத் தடுப்பூசி, மாவட்ட மருத்துவமனையில் குறையாத பிராணவாயு, பயிற்சி பெற்ற செவிலியர், நேர்மையான பதிவேடு ஆகிய நான்கும் மனித முயற்சிக்கு உட்பட்டவை. 2021-இல் படுக்கை தேடி அலைந்தோர் அனைவரையும் வைரஸ் மட்டுமே அலையச் செய்யவில்லை என்பதை நினைவிற்கொண்டு அந்நான்கையும் பேணுவதே அடுத்த திரிபை எதிர்கொள்ளும் வழியாகும்.